பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தவள்

வாசிப்புச் சோதனை தொடங்கும் முன் சரிபார்த்துக்கொள்ள என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. அப்போது அதில் பதினொரு வரிகள் இருந்தன. வெளிச்சம் வாசிப்பு அட்டையின் மேல் விழுகிறதா, பிள்ளையின் கண்ணில் விழுகிறதா. மின்விசிறி கிறீச்சிடுகிறதா. பிள்ளை காலையில் சாப்பிட்டதா. கண்ணாடி போடுகிற பிள்ளை என்றால் அதைக் கொண்டுவந்திருக்கிறதா. ஸ்டாப்வாட்ச் இரண்டு, ஒன்று நின்றுபோனால் இன்னொன்று. இப்படியே பதினொன்று வரை. ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் டிக் போட்ட பிறகுதான் முதல் பிள்ளையைக் கூப்பிடுவேன். அறைக்கு வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். சென்னையில் இரண்டு வருடம் மென்பொருள்களைச் சோதிக்கும் வேலை பார்த்தேன். பிறகு அதை விட்டுவிட்டு உளவியலில் முதுகலையும் சிறப்புக் கல்வியில் டிப்ளமோவும் முடித்து, திருச்சிக்கே திரும்பி வந்தேன். கே.கே. நகரில் அப்பா அம்மாவுடன் வீடு. மன்னார்புரத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கான சிறிய உளவியல் மையம் ஒன்றில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் பொன்மலையில் ஒரு பள்ளி, இரண்டு நாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி, மீதி நாட்கள் மையத்தில். எந்தப் பிள்ளைக்கு எழுத்து பிடிபடவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது நிமிடம் அதோடு உட்கார்ந்து வாசிக்க வைக்க வேண்டும். அதற்கும் மேல் சிக்கல் இருந்தால் மையத்தில் இருக்கும் உளவியலாளரிடம் அனுப்ப வேண்டும். அவரை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம்.

பார்க்கிறவர்களுக்கு நான் நிதானமானவள். ஆனால் எதையோ விட்டுவிட்டோம் என்ற எண்ணம் உள்ளே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காவிரிப் பாலத்தில் பாதி வழியில் ஸ்கூட்டியை ஓரங்கட்டி, மதிப்பெண் தாள்கள் பையில் இருக்கின்றனவா என்று திறந்து பார்த்திருக்கிறேன். இருந்தன. எப்போதும் இருக்கும்.

ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஒன்றில் நாற்பத்தியொரு பெண்கள். ஜூன் மாதம் எல்லோரையும் ஒரே அட்டையை வைத்துச் சோதித்தேன். ஓர் ஆட்டுக்குட்டி சந்தைக்குப் போவதைப் பற்றி ஒன்பது வரி. நானே எழுதியது. ஒரு பிள்ளை அதைச் சத்தமாக வாசிக்க எத்தனை நொடி ஆகிறது, எங்கே தடுமாறுகிறது, எந்தச் சொல்லை விழுங்குகிறது என்று குறித்துக்கொள்வேன். வருடக் கடைசியில் அதே அட்டையை வைத்து மறுபடி சோதித்தேன். அட்டையை மாற்றினால் முன்னேற்றத்தை ஒப்பிட முடியாது என்பது என் வாதம். வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டு வரிசையில் பத்துப் பத்துப் பேராக, கடைசித் தொகுதியில் பதினொரு பேராக அனுப்புவார். நூலக அறையில் நான். வெளியே தாழ்வாரத்தில், திறந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு நீள பெஞ்சு. முறை வரும்வரை பிள்ளைகள் அதில் உட்கார்ந்திருப்பார்கள்.

பதிவேட்டில் கடைசிப் பெயர் உடையவள் கடைசித் தொகுதியில், கடைசியாக வருவாள். நல்ல உயரம், இரட்டைப் பின்னல், யாரோடும் தயங்காமல் பேசுகிறவள். காலைக் கூட்டத்தில் நாளிதழைப் பிடித்துக்கொண்டு செய்தி வாசிப்பது அவள்தான். வகுப்பில் கேள்வி கேட்டால் முதலில் எழும் குரலும் அவளுடையதுதான். எழுதிக் கொடுக்கும் தேர்வில் மட்டும் பாதி தாள் காலியாக இருக்கும். சோம்பேறி என்று ஆசிரியைகள் சொன்னார்கள். வாயில் இருக்கிறது, கையில் வரவில்லை, திமிர், என்றார் ஒருவர். என் தாளில் இரண்டு முறையும் அவளுக்கு நல்ல மதிப்பெண். 'வயதுக்கு ஏற்ற வாசிப்பு, உதவி தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் அடுத்த ஒரு வருடம் அவளைத் திட்டினார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது சோதனை பத்தாம் வகுப்பில், காலாண்டுத் தேர்வு முடிந்து ஒரு வியாழக்கிழமை. பழைய அட்டையின் பிளாஸ்டிக் உறை பிரிந்துபோயிருந்ததால் புதிதாகத் தட்டச்சு செய்தேன். அப்போது கடைசி வரியை மாற்றினேன். பழையதில் மழை வந்ததும் ஆட்டுக்குட்டி ஒரு கடைக்குள் ஓடும். கதை அதோடு நின்றுவிடும். அப்புறம் என்ன ஆச்சு என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதனால் மழை நின்றதும் அது வீட்டுக்குத் திரும்பியது என்று முடித்தேன். ஒரு வரிதானே, ஒப்பீடு கெடாது என்று கணக்குப் போட்டேன்.

அன்று பதிவேட்டின் முதல் முப்பது பேரும் விளையாட்டு விழா அணிவகுப்புப் பயிற்சிக்காக மைதானத்தில் இருந்தார்கள். நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று பட்டியலைத் தலைகீழாக எடுத்துக் கடைசிப் பெயரிலிருந்து தொடங்கினேன். அவள் வந்து உட்கார்ந்தாள். விரலை முதல் சொல்லின் கீழ் வைத்தாள். தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். 'திடீரென்று' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் திக்கினாள். கடைசி வரிக்கு வந்தாள். விரல் 'வீட்டுக்குத் திரும்பியது' என்ற சொற்களின் கீழே ஊர்ந்தது. வாய், "மழை வந்ததும் ஆட்டுக்குட்டி கடைக்குள் ஓடியது" என்றது.

ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்தேன்.

"கடைசி வரியை மட்டும் இன்னொரு தரம் படி."

அதையே சொன்னாள். அதே இடத்தில் மூச்சு, அதே இடத்தில் இறக்கம்.

பையிலிருந்து மூன்றாம் வகுப்புக்கான அட்டை ஒன்றை எடுத்து வைத்தேன். அதை அவள் பார்த்ததேயில்லை. நெடுநேரம் பார்த்தாள். விரல் முதல் சொல்லின் கீழேயே நின்றது.

"கண்ணாடி கொண்டுவரல மிஸ்."

"நீ கண்ணாடி போடுறியா?"

"இல்ல மிஸ்."

பழைய மதிப்பெண் தாள்களை எடுத்தேன். இரண்டிலும் அவளுக்கு ஒரே ஒரு தடுமாற்றம் குறித்திருந்தேன். 'திடீரென்று.' மற்ற பிள்ளைகளில் பாதிப் பேர் திக்கியதும் அதே சொல்லில்தான். கேட்டதற்கு, ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே படிப்பது நன்றாகக் கேட்கும். முதல் தடவை பத்துப் பேர் படிக்கக் கேட்டாள், அடுத்த தடவையும் அதே பத்துப் பேர். பல பேர் அந்த இடத்தில் நின்று நின்று போனதால் அது அப்படித்தான் படிக்க வேண்டியது என்று நினைத்துக்கொண்டாள். காலைக் கூட்டத்துச் செய்தியும் அப்படித்தான். பஸ்ஸில் வரும்போது தோழி நாளிதழைப் படித்துக் காட்டுவாள். இவள் இரண்டு முறை கேட்பாள், மேடையில் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு சொல்வாள்.

அவளுக்குத் தெரிந்த எழுத்துகள் பன்னிரண்டு பதின்மூன்று இருக்கலாம். சேர்ந்து வந்தால் அவையும் குழம்பும். கையெழுத்து அழகாக இருந்தது, ஏனென்றால் அவள் எழுதவில்லை, பார்த்து வரைந்தாள்.

"பொதுத்தேர்வுல என்ன பண்றதா இருந்தே?" என்று கேட்டேன்.

"கேள்வி என்னன்னு யாராச்சும் சொல்லிட்டா பதில் எனக்குத் தெரியும் மிஸ்."

"அங்க யாரு சொல்லுவாங்க?"

எழுந்து நின்று பாவாடையைச் சரிசெய்துகொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அந்த ரூம்ல என்னைப் போட்டுடாதீங்க" என்றாள். அந்த ரூம் என்பது நான் வாசிப்பு வகுப்பு எடுக்கும் அறை. மக்கு ரூம் என்று பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள் என்று அன்றுதான் அறிந்தேன்.

வாசிப்பில் இப்படிப்பட்ட குறை உள்ள பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் சலுகை உண்டு. கேள்வியைப் படித்துக்காட்டி, சொல்வதை எழுத ஓர் ஆள் தருவார்கள். ஒரு மணி நேரம் கூடுதல். தனி அறை. அதற்கு மூன்று தாள்கள் வேண்டும்: உளவியலாளரின் முழுச் சோதனை அறிக்கை, அரசு மருத்துவரின் சான்றிதழ், பள்ளியின் விண்ணப்பம். விண்ணப்பங்களை அனுப்பக் கடைசி நாள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. மருத்துவமனையில் இந்தச் சான்றிதழுக்குப் பார்ப்பது புதன்கிழமைகளில் மட்டும். மேடத்துக்கு மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் ஒழிவது திங்கட்கிழமை மட்டும். பாலத்தைத் தாண்டுவதற்குள் மனதில் இதைப் பலமுறை முன்னும் பின்னும் அடுக்கிவிட்டேன். எப்படி அடுக்கினாலும் ஒரு நாள்கூட மிச்சமில்லை.

மேடத்திடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "பெஞ்சுல மொத்தம் எத்தனை பேரு உக்காந்தாங்க?" என்று கேட்டார்.

நாற்பத்தியொன்று என்றேன். சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. தொகுதியின் முதல் பெயரைத் தவிர ஒவ்வொருத்தியும் தன் முறைக்கு முன் ஒரு தடவையாவது அந்தக் கதையைக் கேட்டிருக்கிறாள். என் கையில் இருந்த ஒன்றரை வருட மதிப்பெண்களில் எது வாசிப்பு, எது காது என்று யாருக்குத் தெரியும்? சோதனைக்கு வைத்திருப்பது முன்கூட்டி வெளியே கசியக் கூடாது என்பது சென்னையில் எனக்கு முதல் நாள் சொல்லித்தந்த விஷயம். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. பித்தம் என்று அம்மா சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியையைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவர், கணக்கு ஆசிரியையாக இருந்து உயர்ந்தவர், எதையும் இரண்டு தடவை சொல்ல வைக்க மாட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து என் பழைய அறிக்கையை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான் மேடம்."

"போன வருஷம் நல்லா படிக்கிறான்னு எழுதிக் குடுத்தீங்க. இப்ப கடைசி வாரத்துல படிக்கவே தெரியாதுன்னு எழுதிக் குடுப்பீங்க. நான் அதை மேல அனுப்பினா, பத்தாவது ரிசல்ட்டுக்காக ஸ்கூலே சர்டிபிகேட் தயார் பண்ணுதுன்னு சொல்ல மாட்டாங்களா?"

பழைய அறிக்கை எப்படித் தவறாகப் போனது என்பதை நானே விளக்கி எழுதி, அதையும் விண்ணப்பத்தோடு இணைக்கிறேன் என்று சொன்னேன். அப்படி ஒரு கடிதம் கல்வித் துறை ஆபீஸுக்குப் போனால் மற்ற பள்ளிகள் உங்களைக் கூப்பிடுமா என்று யோசித்தீர்களா என்று கேட்டார். யோசித்தேன் என்றேன். உண்மையில் விடியற்காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பொன்மலைப் பள்ளியின் ஒப்பந்தம் ஜனவரியில் புதுப்பிக்க வேண்டியது.

பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது, முதலில் அதை வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார். அன்றைக்கு அவள் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பாசிரியையிடம் இருந்த எண்ணுக்கு நான்கு முறை போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது.

அவளுடைய அப்பா கொள்ளிடத்துக்கு அக்கரையில் வாழை போட்டிருப்பவர். காலையில் இலை அறுத்துக் கட்டுகளாக ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்து, தெற்கு வாசலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இறக்குவார். மெஸ்களுக்கும் சமையல் காண்டிராக்டர்களுக்கும் இலை அங்கிருந்து போகும். சனிக்கிழமைகளில் மகளும் கூட வருவாள். பஸ்ஸில் அவளோடு வரும் தோழிதான் இதைச் சொன்னாள். சனிக்கிழமை ஏழு மணிக்கு ஸ்கூட்டியை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, சம்மதப் படிவத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நடந்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஆறு குறிப்புகள் எழுதி வைத்திருந்தேன். முதலாவது, 'நோய் என்ற சொல்லைச் சொல்லாதே.'

ஈரச் சாக்கு விரித்து, அதன்மேல் இலைக்கட்டுகள் அடுக்கியிருந்தன. அவள் கட்டுகளுக்கு நடுவே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள், எதையும் பார்க்காமல்: மேலச் சித்திரை வீதி மெஸ்ஸுக்கு நுனி இலை அறுபது, அந்த அய்யர் வீட்டுச் சிராத்தத்துக்குப் பன்னிரண்டு, கிழியாததாகப் பார்த்து, பஸ் ஸ்டாண்டு கடைக்கு நடு இலை ஏடு இரண்டு கட்டு. அவள் சொல்லச் சொல்ல அப்பா எடுத்து வைத்தார். என்னைப் பார்த்ததும் அவள் குரல் நின்றது. அப்பாவின் கை மட்டும் அடுத்ததுக்காகக் காத்துக்கொண்டு நீண்டிருந்தது.

நான் யாரென்று சொன்னேன். அவர் தோள் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர்" என்றார். உட்கார இடமில்லை என்று வருத்தப்பட்டார். ஆறு குறிப்புகளில் நான்காவதுக்கு வருவதற்குள் அவர் என் கையில் இருந்த படிவத்தைப் பார்த்துவிட்டார். படிக்கவில்லை, மேலே இருந்த மையத்தின் முத்திரையைப் பார்த்தார். மன்னார்புரத்தில் பஸ்ஸில் போகும்போது அதே முத்திரை போட்ட பலகையைப் பார்த்திருக்கிறாராம். பக்கத்து சீட்டுக்காரர் அது மனசு சரியில்லாதவர்களைக் காட்டுகிற இடம் என்று சொன்னாராம்.

"எம் பொண்ணுக்கு மூளையில ஒண்ணும் கொறை இல்லீங்களே. பைத்தியம்னு ஒரு பேப்பர் ஆயிடுச்சுன்னா நாளைக்கு யாரு வாங்க போங்கன்னு பேசுவாங்க?"

அப்படி எந்தத் தாளிலும் வராது என்றேன். அவளுக்கு ஞாபகசக்தி எங்களில் யாருக்கும் இல்லாத அளவு இருக்கிறது, அதனால்தான் நான் ஏமாந்தேன், போன வருடம் அவளுக்குப் படிக்கத் தெரியும் என்று தப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன், தப்பு என் பேரில்தான், என்றேன்.

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தார். அப்பாவும் லேசாகச் சிரித்தார். "அப்ப போன வருஷம் பூரா படிக்கத் தெரியாம இருந்தது நீங்கதான்னு சொல்லுங்க."

"ஆமாங்க."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. சிரிப்பு போய்விட்டது. மகளுக்குப் படிக்கத் தெரியாது என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். கடைக்காரர்கள் கொடுக்கும் சீட்டையெல்லாம் ஐந்து வருடமாக அவள்தான் படிக்கிறாள், ஒரு நாளும் ஒரு இலை தப்பியதில்லை என்றார். ஒரு கட்டுக்குக் கீழே செருகியிருந்த தாள் ஒன்றை உருவினார். காலையில் இருவரும் டீ குடிக்கப் போயிருந்தபோது ஒரு சமையல்காரர் வைத்துவிட்டுப் போனது.

"இந்தா பாப்பா. டீச்சருக்குப் படிச்சுக் காட்டு."

அவள் வாங்கினாள். நான் நின்ற இடத்திலிருந்து எழுத்து தெரிந்தது. திங்கட்கிழமை கல்யாணத்துக்கு முந்நூறு நுனி இலை, விடிவதற்குள், கொள்ளிடக்கரை மண்டபம். அவளுக்கு அது தெரிய வழியில்லை. சொல்லிவிட்டுப் போக யாரும் இருக்கவில்லை. ஆனால் அவள் எதையாவது சொல்லியிருக்கலாம். இருநூறு இலை, ஏதாவது மண்டபம் என்று அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவள் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பேனா என்று பார்த்தாள்.

என் குறிப்புகளில் இதற்கு ஒன்றுமில்லை. நான் படிவத்தின் உறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பொய் சொன்னால் என்ன செய்வது? நான் மறுத்தால் அப்பாவின் எதிரில், சந்தில் இத்தனை பேர் எதிரில் அவளை நான் பிடித்துக் கொடுத்த மாதிரி. சும்மா இருந்தால் படிவம் உறையோடு திரும்பி வரும், புதன்கிழமை போய்விடும், மார்ச்சில் அவள் யாரும் படித்துக்காட்டாத ஒரு கேள்வித்தாளின் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பாள்.

"எனக்குத் தெரியலப்பா" என்றாள்.

"என்ன தெரியல?"

"படிக்கத் தெரியல. எதுவும். சீட்டு கொண்டாறவங்ககிட்ட என்ன போட்டிருக்குன்னு கேட்டுக்குவேன்."

அவர் அந்தத் தாளை அவள் கையிலிருந்து வாங்கி, மடித்து, விரித்து, மறுபடி மடித்தார். "இத்தனை நாளா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். பூக்காரம்மாள் குனிந்து நாரைத் தேடினார். அப்பா தாளை என்னிடம் நீட்டி, இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். நான் படித்தேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"திங்கக்கிழமை பெரிய முகூர்த்தம்ங்க, மதியம் வரைக்கும் ஒவ்வொரு மண்டபமா இலை போகும்" என்றார் அவர். "இலை இறக்காம என்னால அங்க இங்க அசைய முடியாது."

திங்கட்கிழமை தவிர வேறு நாள் இல்லை என்றேன். எத்தனை மணிவரை இருப்பீர்கள் என்று கேட்டார். எத்தனை மணி ஆனாலும் இருப்போம் என்று மேடத்தைக் கேட்காமலேயே சொல்லிவிட்டேன். படிவத்தை அவர் அன்று வாங்கிக்கொள்ளவில்லை. கை ஈரமாக இருக்கிறது, வந்து போடுகிறேன் என்றார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மேடம் சோதனை அறையைத் தயாராக வைத்தார். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. நான் மூன்று முறை வாசலுக்குப் போய் வந்தேன். நான்காவது முறை போகாமல் இருப்பதற்காகப் பென்சில்களைச் சீவினேன், பதினான்கு பென்சில்கள். மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்கள் வந்தார்கள். அவர் சட்டையெல்லாம் வாழைக்கறை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையைப் பார்க்காமல் உள்ளே வந்து, எங்கே போடணும் என்று கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

சோதனை முடிய ஆறு மணி ஆனது. கதவு மூடியிருந்தது. தாழ்வாரத்தில் நாற்காலி எதுவும் போடவில்லை, அவரையும் முன்னறையில்தான் உட்கார வைத்தேன். ஒரு முறை கதவைத் தாண்டிப் போகும்போது அவள் குரல் கேட்டது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஓர் எழுத்து, நீண்ட இடைவெளி, தப்பான ஓர் எழுத்து, திரும்பவும் முதலிலிருந்து. கூட்டத்தில் செய்தி சொல்லும் பெண் அதில் இல்லை. நான் நிற்காமல் நடந்துவிட்டேன்.

அந்த வாரம் மற்ற நாற்பது பேரையும் தனித்தனியாக, ஒருவருக்கொன்றாக வேறு வேறு அட்டை வைத்து மறுபடி சோதித்தேன். பெஞ்சைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினேன். இரண்டு பேர் நான் எழுதி வைத்ததைவிட மெதுவாகப் படித்தார்கள். சலுகை கேட்கும் அளவுக்கு இல்லை, ஆனால் ஒன்றரை வருடத்துக்கு முன்பே என்னிடம் வந்திருக்க வேண்டியவர்கள். அவர்களிடம் அதைச் சொன்னேன்.

புதன்கிழமை மருத்துவமனை வரிசையில் அப்பாவும் மகளும் மூன்று மணி நேரம் நின்று சான்றிதழ் வாங்கினார்கள். வியாழக்கிழமை நான் கடிதத்தை எழுதினேன். ஒரு பக்கம். எப்போது, எப்படி, எதனால் என்று எண் போட்டு எழுதினேன். எண் போடுவது எனக்குச் சுலபம். கடைசியில், 'இது என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று முடித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தலைமையாசிரியை அதை எழுந்து நின்று படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்துக் கடைசி வரியை அடித்தார்.

"கவனக்குறைவு இல்லம்மா. ரொம்பக் கவனமா பண்ணின தப்பு இது. இதை எடுத்துட்டு மறுபடி பிரிண்ட் போட்டுக் கொண்டு வாங்க. நாலு மணிக்குள்ள."

மூன்று ஐம்பதுக்கு அவர் தன் முகப்புக் கடிதத்தோடு இணைத்து அனுப்பினார். பொன்மலைப் பள்ளியிலிருந்து ஜனவரியில் அழைப்பு வரவில்லை. காரணம் அந்தக் கடிதமா, வேறேதாவதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.

அனுமதி உத்தரவு பிப்ரவரியில் வந்தது. அதற்குள் அவள் வாரத்தில் நான் வரும் இரண்டு நாளும் வாசிப்பு வகுப்பு அறைக்கு வரத் தொடங்கியிருந்தாள். முதல் நாள் வாசலில் நின்று, உள்ளே இருந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் கேட்கும்படி, "மக்கு ரூம்னு யாராச்சும் சொன்னா எங்கிட்ட வந்து சொல்லுங்க" என்றாள். வாசிப்பு மட்டும் மெல்லத்தான் வந்தது. தேர்வுக்குள் வந்துவிடாது என்று இருவருக்கும் தெரியும். அவளுக்கு வேறொரு கவலை இருந்தது. எழுத வரும் ஆசிரியை யார், வேறு பள்ளியிலிருந்து வருவாரா, குரல் எப்படி இருக்கும், வேகமாகப் படிப்பாரா, முன்கூட்டி ஒரு தடவை பேசிப் பார்க்க முடியுமா. முடியாது, அன்றைக்குத்தான் தெரியும் என்றேன். எனக்கும் அதே கவலைதான். அதை அவளிடம் காட்டவில்லை.

முதல் தேர்வு தமிழ். மற்ற பிள்ளைகள் வெளியே வந்து, கேள்விகளைப் பற்றிச் சத்தமாகப் பேசி, பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். தெரு காலியானது. அவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம். கேட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை நிழலில் அவள் அப்பா குந்தியிருந்தார். நான் நின்றேன். எழுத வந்தவர் பொறுமை இல்லாதவராக இருந்தால்? கேள்வியை ஒரே தடவை படித்துவிட்டு நிறுத்தினால்? அவள் சொன்னதைத் தன் சொல்லில் சுருக்கினால்? இதில் எதையும் இனி நான் சரிபார்க்க முடியாது.

அவள் கடைசியாக வெளியே வந்தாள், முகம் வாடி, கோபமாக.

"அந்த மிஸ் ரொம்ப மெதுவு மிஸ். நான் ஒரு வரி சொன்னா பாதியில மறந்துட்டு, என்ன சொன்னே, என்ன சொன்னேன்னு கேக்கறாங்க."

அப்பா எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன். ஆனா அவங்க எழுதினாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் கடைசி அரை மணி நேரம் எல்லாத்தையும் எனக்குப் படிச்சுக் காட்டச் சொன்னேன்."

"படிச்சாங்களா?"

"படிச்சாங்க. மொதல்ல முறைச்சாங்க, அப்புறம் படிச்சாங்க. மூணு எடத்துல நான் சொன்னது இல்ல. ரெண்டு வரி விட்டிருந்தாங்க, ஒண்ணு மாத்தி எழுதியிருந்தாங்க. போட வெச்சேன்."

தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்த தேர்வுக்கும் அவர்தான் வருவாரா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.